ஒரு இழை, 32 வீடு: கடலோர ஃபைபர் லைன் நின்றுபோனால் எங்கிருந்து பார்ப்பது

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் ஒரு பக்கம். பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி இன்னொரு பக்கம். இந்தக் கரையில் பத்து வருடமாக ஃபைபர் லைனுக்குக் கம்பம் ஏறுகிறேன். ஏறிய இடமெல்லாம் வேறு வேறு, கோளாறு பெரும்பாலும் ஒன்றுதான்: அங்கே கிளம்பிய வெளிச்சம் இங்கே முழுசாக வந்து சேரவில்லை.

வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் போன உடனே மோடத்தை மாற்றுகிறார்கள். புது மோடத்திலும் அதே சிவப்பு லைட் எரியும். வாடிக்கையாளருக்கு நம்மேல் இருந்த நம்பிக்கை அந்த நிமிடமே போய்விடும். அதனால் வரிசையை மனதில் வையுங்கள்: முதலில் அளப்பது, பிறகு துடைப்பது, அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் மாற்றுவது. கீழே எல்லாமே இந்த வரிசையில்தான் இருக்கிறது. வீட்டில் லைன் வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு அறிகுறியைப் படித்தால் போதும்.

பையில் இருக்க வேண்டியவை

பவர் மீட்டர். சிவப்பு லேசர் டார்ச். நல்ல அடாப்டர் ஒன்று. பச்சை முனை பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள சின்ன ஃபைபர் கேபிள்) ஒன்று. நூல் உதிராத டிஷ்யூ, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு சின்ன பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் (ஏன் என்று இரண்டாவது அறிகுறியில் சொல்கிறேன்). அழியாத மார்க்கர் பேனா.

மார்க்கர் சாதாரண விஷயம் மாதிரித் தெரியும். ஒரு இழையின் வெளிச்சத்தைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒவ்வொரு போர்ட்டிலும் எவ்வளவு வெளிச்சம் இருந்தது, எந்தத் தேதியில் என்று எழுதி வைத்தால், அடுத்த முறை பாதி வேலை முடிந்த மாதிரி. இப்போது மைனஸ் 22 என்று மீட்டர் காட்டுகிறது. இது நல்லதா கெட்டதா? மைனஸுக்குப் பிறகு வரும் எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு. போன மாதம் மைனஸ் 18 இருந்திருந்தால் கெட்டது. எப்போதுமே 22 என்றால் லைன் நன்றாக இருக்கிறது. பழைய எண் இல்லாமல் இதைச் சொல்ல வழியில்லை.

மனதில் இருக்க வேண்டிய எண்கள்

ஒரே இழையைப் பல வீடு பகிர்கிற நம் லைனுக்கு ஜிபான் என்று பெயர். அதில் நிலையத்தில் உள்ள ஓஎல்டி என்ற கருவி 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வீட்டுக்கு வெளிச்சம் அனுப்புகிறது. வீட்டு மோடம் 1310இல் திருப்பி அனுப்புகிறது. இரண்டும் ஒரே இழையில். சாதாரண பி பிளஸ் வகை மாட்யூல் என்றால் வீட்டு முனையில் மைனஸ் 27 டிபிஎம் (வெளிச்சத்தின் அளவு) வரைக்கும் தாங்கும், மைனஸ் 8க்கு மேல் போனால் கண் கூசுகிற மாதிரி, அதுவும் ஆகாது. ஸ்பிளிட்டர் 1:8 (எட்டாகப் பிரிப்பது) ஏறக்குறைய 10.5 டிபி (இழப்பின் அளவு) தின்னும், 1:32 ஏறக்குறைய 17 டிபி. கேபிள் கிலோமீட்டருக்குக் கால் டிபி சொச்சம். ஓஎல்டியில் பிளஸ் 3 கிளம்பி, 1:32 வழியாக, 5 கிலோமீட்டர் தாண்டி, நாலு கனெக்டரில் புகுந்து வந்தால் மைனஸ் 17, 18 ஒட்டி வர வேண்டும். நான் மைனஸ் 24க்குக் கீழே எந்த வீட்டையும் விட்டு வருவதில்லை. கோடையில் 25 காட்டும் லைன் ஐப்பசி மழையில் நின்றுவிடும்.

இன்னொன்று. இந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக இழை முனையைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். மீட்டர் இருக்கிறது, அதை நம்புங்கள்.

## அறிகுறி 1: மோடத்தில் ஒரு லைட்டும் எரியவில்லை

ஃபைபரைத் தொடாதீர்கள். பிளக்கை வேறு பாயிண்டில் போட்டுப் பாருங்கள். எரியவில்லையா, அடாப்டர். கரையோர வீடுகளில் அடாப்டர் முள்ளிலும் மோடத்தின் குழியிலும் பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்று செய்கிற வேலை. மோடத்தின் பின்னால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதே அளவு அடாப்டர் போடுங்கள். செட்டாப் பாக்ஸ் அடாப்டர் முள் பொருந்துகிறது என்று மாட்டி மோடத்தை எரித்தவர்கள் உண்டு. நல்ல அடாப்டரிலும் எரியவில்லை என்றால் மோடம் போய்விட்டது. அவ்வளவுதான்.

## அறிகுறி 2: ஒரு வீட்டில் மட்டும் எல்ஓஎஸ் சிவப்பு

எல்ஓஎஸ் என்பது வெளிச்சம் வரவில்லை என்று மோடம் காட்டும் லைட். நமக்கு வரும் புகாரில் பாதி இதுதான். பக்கத்து வீட்டில் நெட் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். ஓடுகிறது என்றால் கோளாறு ஸ்பிளிட்டர் பாக்ஸுக்கும் இந்த மோடத்துக்கும் நடுவில்தான். ஓடவில்லை என்றால் நேரே அறிகுறி 3க்குப் போங்கள்.

வீட்டுக்குள்ளே

மோடத்தின் பின்னால் பச்சை கனெக்டர் முழுசாக உள்ளே போயிருக்கிறதா? 'டிக்' என்று சத்தம் கேட்கும்படி அமுக்குங்கள். வெள்ளைக் கேபிள் கட்டிலுக்குப் பின்னால், ஜன்னல் சட்டத்தில், பீரோவுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா? தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் மூன்று முறை போய் வந்தோம். மூன்று முறையும் நாங்கள் போகும்போது நன்றாக ஓடும். நாலாவது முறை அந்த அக்காவே சொன்னார்: "தம்பி, ராத்திரி ஜன்னலைச் சாத்துனாத்தான் நெட்டு போகுது." கேபிள் ஜன்னல் வழியாக உள்ளே வந்திருந்தது. சுவரில் ஒரு துளை போட்டோம், முடிந்தது. அதிலிருந்து போன உடனே 'எந்த நேரத்தில் போகுது, அப்போ வீட்ல என்ன செய்வீங்க' என்று கேட்டுவிடுகிறேன்.

கனெக்டர் முனை

மீட்டரை 1490இல் வைத்து அளந்து பாருங்கள். எண் மைனஸ் 27க்குக் கீழே போயிருந்தாலோ, பழைய எண்ணைவிட 3 டிபிக்கு மேல் குறைந்திருந்தாலோ, முதல் சந்தேகம் அழுக்கு. வெளிச்சம் போகிற பாதை 9 மைக்ரான்தான். தலைமுடி அதைப்போல ஏழெட்டு மடங்கு தடிமன். ஒரு தூசி உட்கார்ந்தால் கதவைச் சாத்திய மாதிரி.

நம் கரையில் அது வெறும் தூசியாக இருப்பதில்லை. வேதாளை, சீனியப்பா தர்கா பக்கம் கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீடுகளில் கனெக்டரைக் கழற்றிச் சாய்த்து வெயிலில் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் முனையில் பனி படிந்த மாதிரி ஒரு மங்கல் இருக்கும். அது உப்பு. ஆல்கஹாலில் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகும், உப்பு போகாது. உப்பு ஆல்கஹாலில் கரைவதில்லை. துடைத்துத் துடைத்து எண் மாறாமல் நிற்கும்போது நானும் பல கனெக்டரை வெட்டிப் போட்டிருக்கிறேன். இப்போது செய்வது இதுதான்: டிஷ்யூவின் ஒரு மூலையில் இரண்டு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, முனையை ஒரே திசையில் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அடுத்து ஆல்கஹால் நனைத்த இடத்தில் ஒரு இழுப்பு. கடைசியில் காய்ந்த இடத்தில் ஒரு இழுப்பு. டிஷ்யூவின் ஒரே இடத்தில் இரண்டு முறை தேய்க்கக் கூடாது. குழாய்த் தண்ணீரும் கூடாது. நம் ஊர்த் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. சட்டை நுனியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வியர்வையும் கடல்காற்றும் ஊறிய துணி அது. ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போய் ஒட்டும்.

இப்படித் துடைத்து நாலைந்து டிபி திரும்பி வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நீலமும் பச்சையும்

பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது. நீல முனை அப்படி இல்லை. அவசரத்துக்குக் கையில் இருந்த நீலத்தைப் பச்சைக்குள் சொருகிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழும், வெளிச்சம் பின்னால் திரும்பி அடிக்கும், நெட் பாதி உயிரில் ஓடும். முனையும் கீறிப்போகும். பார்த்தவுடன் மாற்றுங்கள்.

வீட்டுக்கு வெளியே

ஸ்பிளிட்டர் பாக்ஸில் அந்த வீட்டு போர்ட்டில் அளந்து பாருங்கள். அங்கே எண் சரி, வீட்டில் இல்லை என்றால் நடுவில் உள்ள டிராப் கேபிள். வீட்டு முனையில் சிவப்பு டார்ச்சை அடித்துவிட்டு வெள்ளைக் கேபிள் ஓடும் வழியே நடந்து பாருங்கள். உடைந்த இடத்தில் சிவப்பு கசியும். சாயங்காலம் இருட்டும் நேரம் நன்றாகத் தெரியும். கறுப்புக் கேபிளில் தெரியாது. அணில் கடி, எலிக் கடி, கருவேலம் வெட்டும்போது அரிவாள் பட்டது, பனை மட்டை விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியும் காரணங்களைத் தேடுங்கள். ஒட்டுப் போடுவதைவிட 80, 100 மீட்டர் டிராப்பை முழுசாக மாற்றுவது நல்லது. ஒட்டிய இடத்தில் உப்புத் தண்ணீர் இறங்கும்.

பாக்ஸிலேயே அந்த ஒரு போர்ட்டில் மட்டும் எண் இல்லை, பக்கத்து போர்ட்டில் இருக்கிறது என்றால் அந்த வீட்டைக் காலி போர்ட்டுக்கு மாற்றுங்கள். காலி போர்ட் இல்லை என்றால் ஸ்பிளிட்டரை மாற்ற வேண்டும், அதற்கு இழையை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினோடு ஆள் வர வேண்டும்.

## அறிகுறி 3: தெரு முழுக்க எல்ஓஎஸ் சிவப்பு

எந்த வீட்டுக்குள்ளும் போகாதீர்கள். நேரே ஸ்பிளிட்டர் பாக்ஸ்.

ஸ்பிளிட்டருக்குள் வருகிற இழையில் எண் இருக்கிறதா? இருந்தால் ஸ்பிளிட்டர் போய்விட்டது, அல்லது அதன் உள்வாய் கனெக்டர் அழுக்கு. துடைத்துப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எண் இல்லையா? நிலையத்துக்குப் போன் போடுங்கள். அந்த ஓஎல்டி போர்ட் எரிகிறதா, கரண்ட் இருக்கிறதா, யாராவது பேட்ச் கார்டைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். இந்த ஒரு போன் எத்தனையோ மணி நேர அலைச்சலைக் குறைத்திருக்கிறது. அங்கே எல்லாம் சரி என்றால் மெயின் கேபிள் அறுந்திருக்கிறது. ஜேசிபி, குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம், உயரமாக வைக்கோல் ஏற்றிய லாரி. இந்த வரிசையில் விசாரியுங்கள். டீக்கடையில் கேட்டால் மீட்டரைவிட வேகமாகத் தெரியும்.

இதற்கு மேல் ஓடிடிஆர் (இழைக்குள் வெளிச்சம் அடித்து, அறுந்த இடம் எவ்வளவு தூரம் என்று காட்டும் மெஷின்) வேண்டும், ஸ்பிளைசிங் ஆள் வேண்டும். ஒரு எச்சரிக்கை: சில வீடுகளில் இன்னும் நெட் ஓடும்போது அந்த மரத்தில் (ஒரே இழையில் இருந்து கிளை பிரியும் மொத்த லைன்) 1310 அல்லது 1550இல் ஓடிடிஆர் அடித்தால் ஓடுகிற வீடுகளும் தடுமாறும். உயிரோடு இருக்கும் லைனுக்கு 1625 அல்லது 1650இல் அடிக்கும் மெஷினைக் கேளுங்கள்.

மூட்டுப் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே தண்ணீர் நின்றால் வெறுமனே கொட்டிவிட்டு மூடாதீர்கள். ரப்பர் வளையத்தைப் பாருங்கள், வெயிலில் வெடித்திருக்கும். அதை மாற்றாமல் மூடினால் அடுத்த மழைக்கு மறுபடியும் அதே பெட்டிக்கு வர வேண்டும்.

## அறிகுறி 4: பான் லைட் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, நிற்கவில்லை

பான் லைட் என்பது மோடம் நிலையத்தோடு சேர்ந்துவிட்டதா என்று காட்டுவது. எல்ஓஎஸ் எரியவில்லை. அதாவது நிலையத்து வெளிச்சம் வீட்டுக்கு வருகிறது. வீட்டு வெளிச்சம் நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் அங்கே ஏற்கவில்லை.

வீட்டில் எண்ணை அளங்கள். 26, 27 ஒட்டி இருந்தால் அறிகுறி 2இல் சொன்ன துடைப்பு. எண் 18, 20 என்று நன்றாக இருந்தால், நிலையத்தில் அந்த மோடத்தின் சீரியல் நம்பர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். மோடம் மாற்றிய மறுநாள் வருகிற புகார் அநேகமாக இதுதான். பதிவும் சரி, எண்ணும் சரி, இன்னும் சிமிட்டுகிறது என்றால் அந்த மோடத்தின் வெளிச்சத்தை ஓஎல்டி எவ்வளவு வாங்குகிறது என்று கேளுங்கள். அங்கே மட்டும் குறைவு என்றால் மோடத்தின் லேசர் தளர்ந்துவிட்டது. இந்த இடத்தில்தான் மோடத்தை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

## அறிகுறி 5: காலையில் ஓடுகிறது, காற்று எழும்பினால் போகிறது

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போதும், ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பும்போதும் இந்தப் புகார் வரும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். நம் டிராப் கேபிளுக்கு அப்படி யாரும் கொடி காட்டுவதில்லை, அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும்.

முதலில் கேபிளின் தொய்வைப் பாருங்கள். தொய்வே இல்லாமல் வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தால் ஒவ்வொரு காற்றுக்கும் கட்டிய இடத்தில் மடிப்பு விழும். அதிகமாகத் தொங்கினால் கிளையில் உரசும்.

அடுத்து, கேபிளோடு ஓடும் எஃகுக் கம்பி. கடலோரத்தில் மூன்று நாலு வருடத்தில் அது துருப்பிடித்து அறுந்துவிடும். பிறகு கேபிளின் எடை முழுதும் கண்ணாடி இழையின் மேல் தொங்கும். பார்வைக்குக் கேபிள் நன்றாகத்தான் இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள், கம்பி ஓடும் பக்கம் துரு ஒட்டும். அப்படி இருந்தால் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது எஃகுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃப்ஆர்பி (கண்ணாடி நார் பிளாஸ்டிக்) கம்பி உள்ள கேபிள் வாங்குங்கள்.

சோதனை: ஒருவர் வீட்டில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். இன்னொருவர் கம்பத்தில் இருந்து கேபிளை மெல்ல அசைக்கட்டும், ஒவ்வொரு கட்டாக. எண் எங்கே துள்ளுகிறதோ அங்கே கோளாறு. வளைவா உடைவா என்று சந்தேகம் வந்தால் 1310இலும் 1550இலும் இழப்பை அளக்கச் சொல்லுங்கள். 1550இல் மட்டும் இழப்பு கூடுதலாக இருந்தால் வளைவு.

## அறிகுறி 6: எண் எல்லா வீட்டிலும் நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லா வீடும் விழுகிறது

இதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் இரண்டு நாள் ஒரு தெருவையே இருட்டில் வைத்திருந்தோம். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரே இழையில் 32 மோடமும் நிலையத்துக்குப் பேச வேண்டும். ஓஎல்டி ஒவ்வொன்றுக்கும் முறை வைத்துக் கொடுக்கும், மோடம் தன் முறையில் மட்டும் லேசரை எரிக்கும். கெட்டுப்போன ஒரு மோடம் முறை பார்க்காமல் எரித்துக்கொண்டே இருந்தால், மற்ற 31 பேர் பேசுவதும் காதில் விழாது. ஏலக்கடையில் ஒருத்தர் மட்டும் நிறுத்தாமல் கத்தினால் யார் கேட்ட விலையும் விழாது அல்லவா, அந்த நிலைமை. இடி விழுந்த மறுநாள் இது வரும்.

நிலையத்தில் இருப்பவர் போர்ட்டைப் பார்த்து ஒவ்வொரு மோடமாக நிறுத்திப் பார்க்கலாம். முழுதும் கெட்ட மோடம் அந்தக் கட்டளையையும் கேட்காது. அப்போது ஸ்பிளிட்டர் பாக்ஸில் ஒவ்வொரு டிராப்பாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மற்ற வீடுகள் எழும்புகின்றனவோ அதுதான் ஆள்.

அந்த வீட்டுக்குப் போய் ஊர்ஜிதம் செய்துகொள்ளுங்கள்: லைனைக் கழற்றிவிட்டு, மோடத்தின் வாயையே மீட்டரில் 1310இல் வைத்துப் பாருங்கள். நிலையத்து வெளிச்சம் கிடைக்காத நல்ல மோடம் வாய் திறக்காது, மீட்டரில் ஒன்றும் வராது. பிளஸ் 1, பிளஸ் 2 என்று வந்தால் அந்த மோடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ரீசெட் செய்து திரும்ப மாட்டாதீர்கள். அடுத்த இடிக்கு மறுபடியும் தெருவே நிற்கும்.

## அறிகுறி 7: எல்லாம் பச்சை, வேகம் மட்டும் இல்லை

லேன் கேபிளில் கம்ப்யூட்டரை நேராக மாட்டிப் பாருங்கள். அதில் வேகம் வந்தால் ஃபைபர் நன்றாக இருக்கிறது, வைஃபைதான் பிரச்சினை. மோடத்தை இரும்பு பீரோவின் மேல் இருந்து இறக்குங்கள். லேன் கேபிளிலும் வேகம் இல்லை என்றால் நிலையத்தில் கேளுங்கள்.

## அறிகுறி 8: நெட் ஓடுகிறது, ஆனால் மூடியில் எழுதிய எண்ணைவிட 1, 2 டிபி குறைந்திருக்கிறது

யாரும் புகார் செய்ய மாட்டார்கள். மூடியில் எண் எழுதியவர்களுக்கு மட்டும் தெரியும். எங்கோ ஒரு வளைவு விழுந்திருக்கிறது, உப்பு படிகிறது, அல்லது லைனில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். மூன்றாவது அபூர்வம். ஆனாலும் இழையை வளைத்தால் வெளிச்சம் வெளியே கசியும், கசிவதைப் பிடித்துப் படிக்கக் கருவி உண்டு. அதனால் கடை, வங்கி, அலுவலகம் என்றால் காரணம் தெரியாமல் விடாதீர்கள்.

கீழக்கரையில் ஒரு கடையில் இப்படி ஒன்றரை டிபி குறைந்திருந்தது. முதலாளி கேட்டார்: "தம்பி, பக்கத்துக் கடைக்கும் இதே இழைதானே போகுது? நம்ம கணக்க அவங்க பாக்க முடியுமா?"

"காக்கா, வெளிச்சம் எல்லார் வீட்டுக்கும் ஒண்ணாத்தான் போகுது. ஒங்களுக்கு வந்தத மட்டும் ஒங்க மோடம் எடுத்துக்கிடும். மத்தவங்க மோடம் அத விட்டுரும்" என்றேன். அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவது.

"விட்டுரும்னு எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. ஜிபானில் கீழே வருகிற டேட்டாவை ஒவ்வொரு மோடத்துக்கும் தனிச் சாவி போட்டு ஏஇஎஸ் 128 முறையில் பூட்ட வழி இருக்கிறது. அதை ஓஎல்டியில் இயக்கி வைக்க வேண்டும். இயக்கியிருக்கிறதா என்று நிலையத்தில் கேட்டு, இல்லை என்றால் இயக்கச் சொல்லுங்கள். அந்தக் கடையில் ஒன்றரை டிபியைத் தின்றது, பெயிண்ட் அடித்தவர் சாரக் கயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய நம் வெள்ளைக் கேபிள். கயிற்றை அவிழ்த்ததும் எண் பழையபடி வந்தது.

## சாவியே அந்த இழையில் வந்தால்

போன வருடம் பொறியியல் படிக்கும் பையன் ஒருவன் பிராஜெக்டுக்காக ஒரு மாதம் என்னோடு கம்பம் கம்பமாக வந்தான். அவன் எடுத்திருந்த தலைப்பு குவாண்டம் சாவி, அதாவது டேட்டாவைப் பூட்டும் ரகசியச் சாவியையே வெளிச்சமாக இழையில் அனுப்புவது. நம் மரம் மாதிரியான மரத்தில் அதை ஓட்டினால் எது எது கெடும் என்று என் மீட்டர் எண்களை வைத்துக் கணக்குப் போட்டான். அவனிடம் கற்றதும் நான் கேட்டுப் படித்ததும் இது.

1984இல் பென்னட்டும் பிராசார்டும் சொன்ன முறை: சாவியின் ஒவ்வொரு பிட்டையும் ஒற்றை ஃபோட்டானில், அதாவது வெளிச்சத்தின் ஆகச் சின்ன ஒரு துணுக்கில், ஏற்றி அனுப்புவது. நடுவில் யாராவது அளந்தால் அது மாறிப்போகும், பிழையாகத் தெரியவரும். 1997இல் பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வகத்தில் இருந்த பால் டவுன்செண்ட், நம் ஊர் மாதிரி ஸ்பிளிட்டர் வைத்துப் பல பேருக்குப் பிரிகிற லைனில் இதைச் செய்து காட்டினார். நம் வெளிச்சம் எல்லா வீட்டுக்கும் பங்கு போகும். ஒற்றை ஃபோட்டானைப் பங்கு போட முடியாது. அது ஏதோ ஒரு வீட்டுக்கு மட்டும் போகும், எந்த வீட்டுக்கு என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அதனாலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வேறு சாவி கிடைத்துவிடுகிறது. கீழக்கரை காக்கா கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் நான் கேட்டதில்லை. 2013இல் தோஷிபாவின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தார் இதைத் திருப்பிப் போட்டார்கள்: அனுப்பும் கருவி வீடுகளில், விலை கூடின உணரி நிலையத்தில் ஒன்றே ஒன்று, 64 பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம். நம் நாட்டில் 2022 பிப்ரவரியில் டிஆர்டிஓவும் டெல்லி ஐஐடியும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாச்சலுக்கும் நடுவே 100 கிலோமீட்டருக்கு மேல், ஏற்கனவே கிடந்த வணிக ஃபைபரிலேயே சாவி அனுப்பிக் காட்டினார்கள்.

அப்படி ஒரு லைன் கையில் வந்தால் பார்க்க வேண்டியவை:

சாவி வரும் வேகம் குறைகிறது, பிழை கூடவில்லை. வழியில் ஃபோட்டான் தொலைகிறது. 1:32 ஸ்பிளிட்டரில் நுழையும் 50இல் ஒன்றுதான் ஒரு வீட்டுக்குத் தேறும். அழுக்குக் கனெக்டர் ஒன்று 1 டிபி தின்றால் தேறியதிலும் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. நடுவில் ஆம்ப்ளிஃபையர் வைக்கவும் முடியாது. ஒற்றை ஃபோட்டானை அப்படியே நகல் எடுக்க இயற்கை விடுவதில்லை. எனவே அறிகுறி 2இன் துடைப்பு, அறிகுறி 5இன் வளைவுச் சோதனை. சரியாகவில்லை என்று லேசரின் வெளிச்சத்தை மட்டும் கூட்டிவிடாதீர்கள். ஒரு துடிப்பில் இரண்டு ஃபோட்டான் போனால் ஒன்றைத் திருடுகிறவன் எடுத்துக்கொள்வான், பிழையும் தெரியாது. அந்தத் திருகு நம்முடையது கிடையாது, கருவி செய்தவர்கள் வந்துதான் தொட வேண்டும்.

காற்று அடிக்கும்போது பிழை ஏறி இறங்குகிறது. சாவியை ஒளியின் தளவிளைவில் (ஒளி அதிரும் திசையில்) ஏற்றியிருந்தால், ஆடுகிற கேபிள் அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும். கச்சான் காலத்தில் மீட்டரில் எண் துள்ளாத கேபிளிலும் இது நடக்கும். தொய்வைச் சரிசெய்யுங்கள், முடிந்தால் தரைக்கு அடியில் கொண்டுபோங்கள். அதன்பிறகும் இருந்தால் கருவியின் தானியங்கித் திருத்தத்தை அவர்கள் பார்க்க வேண்டும்.

டேட்டா ஓடும்போது மட்டும் பிழை. பக்கத்தில் ஓடும் சாதாரண வெளிச்சம் ராமன் சிதறலால் அலைநீளம் மாறி, சாவியின் வழியில் இரைச்சலாக வந்து விழுகிறது. டேட்டா லேசரை நிறுத்திச் சாவியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிழை விழுந்தால் உறுதி. டேட்டாவின் வெளிச்சத்தைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள், வடிகட்டியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பிழை ஏறுகிறது. நிலையத்து அறையில் ஏசி ஓடுகிறதா என்று பாருங்கள். ஒற்றை ஃபோட்டான் உணரியை உறைநிலைக்கு வெகு கீழே குளிர்வித்து வைத்திருப்பார்கள். அறை சூடானால் குளிர் பிடிக்காது, ஃபோட்டானே வராதபோதும் வந்ததாக எண்ணிக்கொண்டிருக்கும்.

ஒரு வீட்டில் பிழை 50 சதவீதம் ஒட்டி. பாதிக்குப் பாதி என்றால் சுண்டிப் போட்ட காசு. அநேகமாக நேரம் பொருந்தவில்லை, வேறு நொடித்துண்டில் எண்ணுகிறது. டிராப் கேபிளின் நீளத்தை மாற்றினீர்களா? 20 மீட்டர் கூடினால் 100 நானோ செகண்டு கூடும். புது நீளத்தைச் சொல்லி மறுபடி அளவிடச் சொல்லுங்கள்.

பிழை 11 சதவீதத்தைத் தாண்டுகிறது. 1984இன் முறையில் அதற்கு மேல் பாதுகாப்பான சாவி எடுக்க முடியாது. கருவி தானே நிறுத்திவிட வேண்டும். நடுவில் ஒருவன் எல்லாவற்றையும் அளந்து திருப்பி அனுப்பினால் 25 ஒட்டி வரும். காரணம் அழுக்கா ஆளா என்று நாம் முடிவு செய்யக் கூடாது. எதையும் கழற்றாமல், எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு, பொறுப்பானவர்களைக் கூப்பிட வேண்டும். கழற்றித் துடைத்துவிட்டால் யார் வந்தார்கள் என்ற தடயமும் சேர்ந்து போய்விடும்.

அந்தப் பையன் போகும் நாளில் பெரியபட்டினத்தில் ஒரு 1:8 பாக்ஸைத் திறந்து, எட்டு போர்ட்டையும் தண்ணீர், ஆல்கஹால், காய்ந்த டிஷ்யூ என்று வரிசையாகத் துடைத்து அளந்து, எண்களைத் தேதியோடு மூடியில் எழுதிவிட்டுப் போனான். இந்த வாடைக்குப் பிறகு திறந்து பார்த்தேன். ஐந்து எண் அப்படியே இருக்கிறது. 2, 5, 7 மூன்றும் முக்கால் டிபியில் இருந்து ஒன்றே கால் டிபி வரை இறங்கியிருக்கிறது. மூன்று வீட்டிலும் நெட் ஓடுகிறது, யாரும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொண்டு போகிறேன்.